ஏலத்தில் எடுத்த செம்புப்பானை

ராஜப்பனுக்குக் கை நடுங்க ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, புஷ்பபாய் முதலில் செய்த காரியம் வாசல் கேட்டைப் பூட்டியது. இரண்டாவது காரியம், மகள் பின்சியிடம் போனில் பொய் சொன்னது.

"அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் தாந்திருக்கு மக்கா. வேற ஒண்ணும் இல்ல."

பின்சி மஸ்கட்டில் நர்ஸ். நர்ஸிடம் சுகர் என்று சொன்னால் எவ்வளவு என்று கேட்பாள், கேட்டாள். ஆனால் காய்ச்சல் என்று சொல்லவே முடியாது. கொரோனா ஊரடங்கு தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், ஆம்புலன்ஸ் வரும், சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதனால் சுகர். வீடியோவில் அப்பாவைக் காட்டு என்று பின்சி கேட்டபோது புஷ்பபாய் போனைத் தூக்கிப் பிடித்து ராஜப்பனின் நெற்றியையும் மேலே சுற்றிய மின்விசிறியையும் மட்டும் காட்டினாள். பிறகு நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

உண்மை இவ்வளவுதான். ராஜப்பன் ஒன்பது வருடமாகத் தினமும் குடித்துக்கொண்டிருந்தான். சாயங்கால ஜெபம் முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆக்கிரி ஷெட்டுக்குள் போவான். பழைய இரும்பும் பித்தளையும் வாங்கி உடைத்து எடை போட்டு விற்கும் தொழில் அவனுக்கு. செதுக்காத தேக்குக் கட்டை மாதிரி ஒரு ஆள். குடித்தாலும் சத்தம் கிடையாது, தள்ளாட்டம் கிடையாது. ஏலக்காயை மென்றுகொண்டு வந்து படுத்துவிடுவான். சாராயக்கடைகளை மூடியபோது கையில் இரண்டு குப்பி இருந்தது. சனிக்கிழமையோடு அதுவும் தீர்ந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலும் கடை கிடையாது. ஊடு வழிகளில் எல்லாம் மண்ணைக் கொட்டி அடைத்திருந்தார்கள்.

இதை யாரிடம் சொல்வது? மற்ற வீடு என்றால் சொல்லலாம். ராஜப்பன் சபைக் கமிட்டி உறுப்பினர். புஷ்பபாய் மாதர் சங்கச் செயலாளர். எந்த வீட்டில் ஆண்பிள்ளை குடித்தாலும் அந்த வீட்டுக்குப் போய் பாய் விரித்து முழங்கால் போட்டு ஜெபிக்கிற குழுவுக்கு அவள்தான் தலைவி. அப்படி ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தன் புருஷன் வைத்திருந்த காலிக் குப்பியைக் காலையில் சாக்கில் போட்டு இரும்புத் துண்டுகளுக்கு அடியில் தள்ளுவாள். ஒன்பது வருடம் இப்படி ஓடிவிட்டது. ஒரு கழுதைகூட கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. அதைப் பெருமை என்று சொன்னால் அடிக்க வருவாள்.

ஞாயிறு மத்தியானம் அவன் தண்ணீர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் போனது. டிவியில், வடக்கே எங்கேயோ சாராயம் கிடைக்காமல் தூக்கில் தொங்கினவர்களின் கணக்கைச் சொன்னார்கள். புஷ்பபாய் எழுந்து போய் ஷெட்டில் கிடந்த கயிறுகளை எல்லாம் சுருட்டிக் கிணற்றுக்குள் போட்டாள். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டாள். நேசையனின் மகளுக்கு அந்த முடிவு ஒன்றும் கஷ்டமானதில்லை.

நேசையன் அவளுடைய அப்பா. ஒரு காலத்தில் ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே பாறை இடுக்குகளில் வாற்றுச் சாராயம் காய்ச்சினவர். அதற்கென்றே பாலராமபுரத்தில் சொல்லிச் செய்த செம்புப்பானை ஒன்று வைத்திருந்தார். அடி தடித்து, வாய் குறுகி, இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற பானை. புஷ்பபாய் பத்து வயதில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கன்வென்ஷனில் பிரசங்கம் கேட்டு நேசையன் மனம் திரும்பினார். திரும்பின ஆள் சும்மா திரும்பவில்லை. அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் சேவலும் கொண்டுபோக, இவர் பானையைத் தலையில் சுமந்து போய் ஆலயத்து வாசலில் வைத்தார்.

காணிக்கையாக வந்ததை ஏலம் விடுவது வழக்கம். பானையையும் விட்டார்கள். ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சாராயப் பானையை ஏலம் கேட்டால், அடுத்து காய்ச்சப் போவது இவன்தான் என்றல்லவா ஊர் நினைக்கும்? அந்த அமைதியில் ராஜப்பன் என்கிற இருபத்துநாலு வயது ஆக்கிரிக்காரப் பையன் மட்டும், "நூத்தி ஒண்ணு" என்றான். விளையாட்டுக்கு ஒருத்தர் ஏற்றினார். இன்னொருத்தர் ஏற்றினார். முந்நூற்று ஐம்பத்தொன்றில் ராஜப்பன் பெயருக்கே மூன்றாம் தரம் விழுந்தது. இவனுக்கு வெட்கம் என்பது இல்லை, நல்லவன் என்று நேசையன் சொன்னார். மறுவருடம் மகளைக் கொடுத்தார். அடித்துத் தட்டையாக்கி விற்கவேண்டிய செம்பை ராஜப்பன் விற்கவே இல்லை. முப்பத்திரண்டு வருடமாக அது ஷெட்டில் மோட்டாருக்கு மேல் கவிழ்ந்து கிடந்தது.

"இத வித்தா எனக்கு உன்ன வித்த மாதிரியாக்கும் பிள்ளே" என்று கல்யாணமான புதிதில் சொல்வான். இப்போதெல்லாம் சொல்வதில்லை. ஆனாலும் விற்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவள் நீல டிரம்மில் சர்க்கரையையும் மற்றதையும் கரைத்து மூடி, சமையலறைக்குப் பின்னால் வைத்தாள். அந்தக் கரைசலைக் கோட என்று சொல்வார்கள். அது புளித்துப் பொங்கி அடங்க ஏழு நாள் வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வெயில் காலம், ஐந்து நாளில் ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வரை அவன் தாங்கவேண்டும். அது ஒன்றுதான் கணக்கு. அதன் பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, குறைத்துக் குறைத்து, யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடலாம்.

திங்கட்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே விலாசினி வந்து நின்றாள். சுகாதாரத் துறையில் ஆஷா வேலை பார்ப்பவள், அதே சபைக்காரி. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் உண்டா என்று கேட்டு எழுதுகிற வேலை.

"எல்லாருக்கும் சுகம்தானே அக்கா?"

"தேவ கிருபையில சுகம்."

"அண்ணனக் காணல்லியே."

"சுகர் இறங்கிக் கெடக்குது. உறங்குதாரு."

விலாசினி போகவில்லை. நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி நின்றாள். "இப்ப இந்தக் குடி நிறுத்தினவங்க கொஞ்சம்பேரு தளந்து போறாங்க அக்கா. ஆஸ்பத்திரியில மருந்து உண்டு. ரெண்டு நாள் படுத்தா போதும். ஆர்க்கும் அறியாம கொண்டு போவலாம், நான் கூட வாறேன். சும்மா பறஞ்சேன், அவ்வளவுதான்."

"எங்க வீட்டில அதுக்கு வேலையில்ல" என்றாள் புஷ்பபாய். "அந்த மாதிரி வீட்டில போய்ச் சொல்லு. நானும் ஜெபிக்கேன்."

விலாசினி நோட்டை மூடினாள். "செரி அக்கா" என்று போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தபோது கூப்பிடலாமா என்று புஷ்பபாய்க்கு ஒரு நிமிஷம் தோன்றியது உண்மை. நாளைக்கு ஊரடங்கு முடிந்து மாதர் சங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து என்ன முகத்தோடு வேதம் வாசிப்பது என்ற நினைப்பு அடுத்த நிமிஷத்தில் வந்தது. பிற்பாடு வந்த நினைப்புதான் ஜெயித்தது. எப்போதும் அதுதான் ஜெயிக்கும்.

பானையைக் கவிழ்ந்த இடத்திலிருந்து புரட்டி எடுக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே தேரைக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பச்சைக் களிம்பு போய்ச் செம்பு சிவந்து வந்தபோது, என்னத்தைச் சொல்ல, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் கை ஞாபகம் வந்தது. கூடவே ஏலத்தில் நின்ற மெலிந்த பையனும் ஞாபகம் வந்தான்.

மற்றதெல்லாம் ஷெட்டிலேயே இருந்தது. மூடிக்கு ஒரு பழைய பிரஷர் குக்கரின் தலை. ஆவியைக் குளிரவைக்கும் சுருளுக்கு, யாரோ கழற்றிப் போட்ட ஏசியின் செம்புக்குழாய். லாரி ரேடியேட்டர் ஒன்று கைக்கு அருகிலேயே, இன்னும் வசதியாகக் கிடந்தது. அதைத் தொடவில்லை. ஈயம் பற்றவைத்த சாமானில் இறக்கினால் குடித்தவன் கண்ணு போவும் என்று அப்பா சொன்னது ஞாபகம் இருந்தது. செம்புக்குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கும் என்பதும் ஞாபகம் இருந்தது. ஆற்று மணலைச் சலித்து, குழாய்க்குள் நிறைத்து, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, தென்னை மரத்தைச் சுற்றி மெதுவாக வளைத்தாள். உள்ளங்கை தோல் உரிந்தது. பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டுச் சுருளை இறக்கினாள். ஐம்பத்துநாலு வயதில், மாதர் சங்கச் செயலாளர், வேலைக்கு நடுவில் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உச்சிக்குள் எல்லாம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டிச் சோதித்தாள். மைதா மாவு அப்பின மூட்டில் ஒரு இடத்தில் மட்டும் ஆவி கசிந்தது. அதையும் அப்பினாள். குழாயின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நின்று, பெருத்து, விழுந்தது. இன்னும் மூன்று நாள். டிரம்மில் காதை வைத்துக் கேட்டாள். கோட கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே ராஜப்பன் சுவரில் இருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னதாக்கும்?"

"எறும்பு. பாத்தா தெரியல்லியா பிள்ளே? செவுறு முழுக்க."

சுவரில் ஒன்றும் இல்லை. வேர்வை அவன் பனியனைப் பிழிகிற அளவு நனைத்திருந்தது. அவள் கஞ்சி ஊட்டினாள், பாதி இறங்கியது. சாயங்காலம் பின்சி மூன்று தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை எடுத்தபோது, "அம்மா, எங்கிட்ட கள்ளம் பறயாத. அப்பா குடி நிறுத்தி எத்தன நாளாச்சு?" என்று நேராகக் கேட்டாள்.

புஷ்பபாய் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள். "ஆரு சொன்னது உனக்கு? உங்க அப்பாவையா சொல்லுத?"

"அம்மா, இது சாவுற காரியமாக்கும். இப்பவே கொண்டு போ."

"நாக்கு அழுகிப் போவும், அப்படிச் சொன்னா" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள். சாவு என்ற வார்த்தையைக் கேட்டு அழுதாளா, மகளுக்குத் தெரிந்துவிட்டதே என்று அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. இரண்டும்தான்.

புதன்கிழமை காலை அவள் கண் விழித்தபோது பக்கத்தில் ராஜப்பன் இல்லை. ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது. டங், டங் என்று சீரான சத்தம். முப்பத்தொரு வருடமாக அவள் கேட்டு எழுகிற சத்தம்தான். ஓடிப்போய்ப் பார்த்தாள்.

அவன் தன் முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சுருளை வாளியிலிருந்து கழற்றி நேராக்கிக் கட்டு கட்டி வைத்திருந்தான். குக்கர் மூடியை அலுமினியக் குவியலில் போட்டிருந்தான். பித்தளை நட்டுகளைப் பித்தளைப் பெட்டியில் தனியாக இட்டிருந்தான். பானை காலுக்கு நடுவில் இருந்தது. அதன் வாய் ஏற்கெனவே உள்ளே மடங்கிவிட்டது.

ஓடிப்போய்ச் சுத்தியலைப் பிடுங்கியிருக்கவேண்டும். அவள் பிடுங்கவில்லை. ஏன் என்றால் அவன் கை நடுங்கவில்லை. மூன்று நாளாகத் தம்ளர் பிடிக்க முடியாத கை, ஓங்கின இடத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. சுகமாகிவிட்டது என்று நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி. சாராயமும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், கர்த்தர் தொட்டுவிட்டார் என்று நினைத்தாள். பானை போனால் போகட்டும் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். நேசையனின் செம்பு அவள் கண் முன்னால் ஒரு தகடாக ஆயிற்று. அவள் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ராஜப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகத்தில் கடைக்காரனின் மரியாதை இருந்தது.

"வாங்க, இருங்க. சாமான் கொண்டு வந்தியளா?"

"நானாக்கும்" என்றாள்.

"நேசையன் மாமா வந்தாச்சா? ஏலம் தொடங்கியாச்சு பாருங்க." தகட்டைக் கையில் தூக்கிக் காட்டினான். ஷெட்டுக்கு வெளியே வாழைத் தோட்டத்தைப் பார்த்து, அங்கே சபை முழுக்கக் கூடி நிற்கிற மாதிரி, குரலை உயர்த்தினான். "செம்புப்பானை! நூத்தி ஒண்ணு, ஒரு தரம். நூத்தி ஒண்ணு, ரெண்டு தரம்…"

மூன்றாம் தரத்துக்குப் பதிலாக ஒரு சத்தம் வந்தது. அவன் பின்பக்கமாக விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை வந்தது. தகடு காங்கிரீட் தரையில் விழுந்து வெகுநேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் புஷ்பபாய் கேட்டைத் திறந்தாள். திறந்து ரோட்டில் நின்று கத்தினாள். மூன்றாவது வீட்டு ஜாய், ஆட்டோ ஓட்டுகிறவன், பல் தேய்க்கிற பிரஷோடு ஓடி வந்தான். வந்தவன் ஷெட்டையும், பெயிண்ட் வாளியையும், மைதா அப்பின துண்டுகளையும் பார்த்தான். ராஜப்பனைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தி, தலையை அவள் மடியில் வைத்தான். நெய்யாற்றின்கரைக்கு வண்டியை விட்டான்.

உதியன்குளங்கரை தாண்டும்போது அவள்தான் வாயைத் திறந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? டாக்டரிடமாவது சொல்லவேண்டும், அதற்கு முன் ஒருத்தரிடம் சொல்லிப் பழகவேண்டும்.

"ஜாயே… அண்ணன் குடிக்கும். ஒம்பது வருஷமா. சனியாழ்ச்ச நிறுத்தினது."

ஜாய் கண்ணாடியில் அவளைப் பார்க்காமலே சொன்னான். "தெரியும் அக்கா."

"உனக்கு ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லண்டாம். எல்லாருக்கும் தெரியும். சபையில எல்லாருக்கும். போதகருக்கும் தெரியும். உங்களுக்கு வெட்கமா இருக்கும்னு ஆரும் கேக்கல்ல, அவ்வளவுதான். விலாசினி அக்கா திங்களாழ்ச்சயே என்கிட்ட வந்து, வண்டிய ரெடியா வையி, கூப்பிடுவாங்கன்னு சொல்லிச்சு. பாஸும் வாங்கிக் குடுத்துச்சு. நான் ரெண்டு நாளா வேற ஆஸ்பத்திரிச் சவாரிகூட எடுக்கல்ல."

ஒன்பது வருடம் அவள் சாக்கில் கட்டி மறைத்த குப்பிகளை எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் முழங்கால் போட்டு ஜெபித்த வீடுகளில், கண்ணை மூடிக்கொண்டு அவளுக்காகவும் சேர்த்து ஆமென் சொல்லியிருக்கிறார்கள். அவள் நெஞ்சில் வெட்கத்துக்குக்கூட இடம் இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு நாள் மூன்றாவது வீட்டில் ஒரு ஆட்டோ காத்து நின்றிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவள் தென்னை மரத்தில் குழாய் வளைத்துக்கொண்டிருந்தாள்.

மடியில் ராஜப்பன் கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்தான். அவள் குனிந்தாள்.

"நூத்தி ஒண்ணு… ஒரு தரம்."

"இஞ்ச பாருங்க. நானாக்கும். புஷ்பம்."

"ரெண்டு தரம்…"

அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அதோடு ஏலம் முடிந்துவிடும். அவள் யோசிக்கவே இல்லை. "நூத்தம்பது!" என்றாள் சத்தமாக.

அவன் புருவம் லேசாக உயர்ந்தது. எதிர்பாராத இடத்திலிருந்து கேள்வி வந்தால் ஏலக்காரன் முகத்தில் வருகிற சந்தோஷம் ஒரு நொடி வந்து போனது. "நூத்தம்பது… ஒரு தரம்."

ஜாய் கண்ணாடியில் பார்த்தான். வண்டியை இன்னும் முடுக்கினான்.

"ரெண்டு தரம்…"

"இருநூறு!"

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி, "எவிடேக்கா?" என்று கேட்டார். ஜாய் பாஸை நீட்டினான். அவர் வண்டிக்குள் குனிந்தார். உள்ளே ஒரு பெண் மடியில் கிடக்கிற ஆளின் காதுக்குள், "இருநூத்தம்பது! இருநூத்தம்பது!" என்று கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் விலகி வழி விட்டார்.

"ரெண்டு… தரம்…" குரல் இப்போது மூச்சோடு சேர்ந்துவிட்டது. அடுத்த கேள்வி முந்நூறு. அதற்கடுத்தது முந்நூற்று ஐம்பத்தொன்று. அந்தத் தொகையில்தான் அன்றைக்கு மூன்றாம் தரம் விழுந்தது. அவளுக்குப் பயம் பிடித்தது. அந்தத் தொகையைத் தொடவே கூடாது.

"ஆயிரம்!" என்றாள். "இஞ்ச, நான் ஆயிரம் கேக்குதேன். ஒரு தரம் சொல்லுங்க."

வண்டி பாலத்தின் மேல் ஏறியது. அடியில் ஆறு கோடை வெயிலில் மெலிந்து கிடந்தது. ராஜப்பனின் உதடு ஒரு தரம் சொல்வதற்காகப் பிரிந்தது, பிரிந்தபடியே நின்றது.

"ரெண்டாயிரம்" என்றாள் புஷ்பபாய்.

ஜாய் கண்ணாடியில் ராஜப்பனின் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். பிறகு பாலத்தின் ஓரமாக நிறுத்தினான். "அக்கா" என்றான். திரும்பிப் பார்த்து, இன்னொரு தடவை, "அக்கா" என்றான்.

"நீ எதுக்கு நிறுத்தின? வண்டிய விடு மக்கா" என்றாள் அவள். உரிந்த உள்ளங்கையால் ராஜப்பனின் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, காதுக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தாள். "ஐயாயிரம்."